பாதமா, அடியா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை:
உயர்தர மாணவருக்கான தொழில் வழிகாட்டிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பொடையாட்ரி’ படிப்புக்கு மட்டும் தமிழ்ச்சொல் அமையவில்லை. இங்கிலாந்தில் இது 3 ஆண்டு இளமாணிப் பட்டம். அமெரிக்காவில் முதற்பட்டத்துக்குப் பிறகு 4 ஆண்டு. படித்தவர் பாதத்தின் உணர்வையும் இரத்தோட்டத்தையும் சோதிப்பார், புண்ணைத் துப்புரவாக்குவார், கால் ஆணியையும் சதைக்குள் வளர்ந்த நகத்தையும் அகற்றுவார், நடையைப் பார்த்துச் சப்பாத்துக்குள் வைக்கும் தாங்கியைத் தீர்மானிப்பார். ‘கால் வைத்தியர்’ என்று போடலாமா?

முல்லைத்தீவு, தாதி:
வேண்டாம் ரீச்சர். வன்னியில் ‘கால்’ என்றதும் செயற்கைக்கால்தான் நினைவுக்கு வரும். மிதிவெடியில் காலை இழந்தவர்கள் அதை நம்பி வந்து திரும்பிப் போகக் கூடாது. அதோடு தொடையில் இருந்து விரல் வரை எல்லாமே நமக்குக் கால். சலரோகக்காரருக்கு உள்ளங்காலில் முள் ஏறினாலும் தெரியாது, அப்படியே வயற்சேற்றில் நிற்பார். அந்த உள்ளங்காலை 10 கிராம் நைலோன் இழையால் தொட்டு, உணர்வு எங்கே போயிற்று என்று பார்ப்பவர் இவர். ‘பாத மருத்துவர்’ என்று போடுங்கள். ‘பாதம்’ என்றால் அம்மம்மாவுக்கும் விளங்கும்.

வவுனியா, தமிழாசிரியர்:
பாதம் வடசொல், பிள்ளை. வள்ளுவர் ‘மாணடி’ என்றார், ‘தாளை வணங்காத் தலை’ என்றார். ‘அடிநலவியல்’, ‘அடிநலர்’ என்போம். அடி ஆழமான சொல்: மரத்துக்கும் அடி, 12 அங்குலமும் அடி. யாப்பில் ஆங்கிலேயர் பாதம் என்பது நமக்குச் சீர், நம் அடி அவர்களுக்கு வரி. புதுச்சொல் பழகாது என்று சொல்லாதீர்கள். வன்னியில் பாண் வாங்கப் பேக்கரிக்கா போனோம், ‘வெதுப்பகம்’ என்ற புதுச்சொல்லைச் சொல்லி அங்கேதானே போனோம்?

மாங்குளம், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அத்தனை பொருள் இருப்பதுதான் இடைஞ்சல். ‘அடிநலர்’ என்று பலகை போட்டால் அடிபட்டவர்கள் வருவார்கள். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று, வடவெழுத்தை நீக்கி வடசொல்லை எடுக்கத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். பாதத்தில் வடவெழுத்தே இல்லை. எனக்கு உறுத்துவது பின்பாதி. ‘மருத்துவர்’ என்றால் எம்.பி.பி.எஸ். என்று பெற்றோர் எண்ணுவர். பிரித்தானியாவில் இவர்களின் பதிவு மருத்துவர் பேரவையில் இல்லை, சுகாதாரத் தொழில்களுக்கான வேறொரு பேரவையில். ஆகவே ‘பாதச் சிகிச்சையாளர்’.

முல்லைத்தீவு, தாதி:
பிசியோதெரபிஸ்டை இயன்மருத்துவர் என்கிறோமே அண்ணா, அவர் எம்.பி.பி.எஸ்ஸா? ‘மருத்துவர்’ என்றால்தான் புண் முற்றுமுன் நம்பி வருவார்கள்.

வவுனியா, தமிழாசிரியர்:
சிகிச்சையும் வடசொல்தான். ‘பாதச்’ என்பதில் ‘ச்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள்; மரக்கிளை போல மகரம் கெட்டு வல்லினம் மிகும்.

கிளிநொச்சி, உயிரியல் ஆசிரியை:
சரி, தனிமடலில் எழுதியவர்களும் பெரும்பாலும் ‘பாதச் சிகிச்சையாளர்’ என்கிறார்கள். அதையே அனுப்புகிறேன். ஐயாவின் ‘அடிநலவியல்’ அடைப்புக்குறிக்குள் வரட்டுமா?

வவுனியா, தமிழாசிரியர்:
அடைப்புக்குறிக்குள் வேண்டாம். நான் இன்னும் உடன்படவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது திரும்பவும் எழுதுவேன்.