கோயாசான் கோயிலில் ஓர் இரவு: அம்மாவுக்குச் சரிப்படுமா?

ரயில்பித்து:
நவம்பர் கடைசியில் அம்மாவோடு ஜப்பான் போகிறேன். ஒசாகாவில் இருக்கும் நாலு நாளில் ஒரு ராத்திரி கோயாசான் மலைக்குப் போய் ஷுகுபோ, அதாவது அங்குள்ள பௌத்தக் கோயிலிலேயே தங்கலாம் என்று ஆசை. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. முழங்கால் வலி வேறு, தரையில் உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். போகலாமா?

எள்ளுருண்டை:
சாப்பாட்டுக்காகவே போகலாம். ஜப்பானில் காய்கறி சூப் என்று கேட்டு வாங்கினாலும் அடியில் மீன் சாறு இருக்கும். கோயில் சமையலில் அது கிடையாது, கொம்பு என்ற கடற்பாசியையும் காளானையும் ஊறவைத்துத்தான் சாறு எடுப்பார்கள், வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. எள் டோஃபு கட்டாயம் வரும். பேர்தான் டோஃபு, உள்ளே சோயாவே இல்லை. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டியது, நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ராத்திரிச் சாப்பாடு ஐந்தரை, ஆறு மணிக்கே. நான் ரயிலைத் தவறவிட்டு ஏழு மணிக்குப் போய் நின்றேன், இளம் துறவி ஒருவர் ஒன்றும் சொல்லாமல் ஆறிப்போன தட்டைக் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கம்பளிக்காரன்:
முழங்காலுக்கு, பதிவு செய்யும்போதே நாற்காலியும் கட்டிலும் உண்டா என்று கேளுங்கள், சில கோயில்களில் இருக்கிறது. அறைக்குள்ளேயே கழிவறை உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள், பழைய கட்டடங்களில் அது நடைகூடத்தின் கடைசியில்தான். மலை ஏறக்குறைய 800 மீட்டர் உயரம், நவம்பர் கடைசியில் ராத்திரி அந்த மரத்தரையில் கால் வைத்தால் விறைத்துவிடும், கம்பளிக் காலுறை இல்லாமல் போகாதீர்கள். பல இடங்களில் குளியல் பொது, ஆண் பெண் தனித்தனி, ஆனால் உள்ளே துணி கிடையாது. அப்புறம், கேபிள் கார் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் சாலையில் நடக்க அனுமதி இல்லை, பேருந்துதான்.

தேவதாரு:
எல்லாரும் சோற்றையும் குளிரையும் பேசிவிட்டு ஒகுனோயின் கல்லறைக் காட்டை விட்டுவிட்டீர்களே! இச்சினோஹாஷி பாலத்திலிருந்து, இங்கே மடம் நிறுவிய பௌத்தத் துறவி கூக்காயின் சமாதி வரை இரண்டு கிலோமீட்டர், வழியெல்லாம் தேவதாரு மரங்களும் இரண்டு லட்சத்துக்கும் மேலான கல்லறைகளும். 816இல் இந்த மலையைப் பெற்ற கூக்காய் இன்னும் உள்ளே தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை, அதனால் தினமும் காலை 6 மணிக்கும் 10:30க்கும் அவருக்குச் சாப்பாடு போகிறது. ஆறு மணியை நம்பாதீர்கள், உங்கள் கோயிலில் காலை பூஜையும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். பத்தரைக்குப் போங்கள். அம்மா ஒகுனோயின்-மாஏ நிறுத்தத்தில் இறங்கினால் நடை பாதியாகக் குறையும்.

ரயில்பித்து:
நன்றி. கட்டில் இருக்கிற கோயிலாகப் பார்த்து எழுதிக் கேட்டிருக்கிறேன். அம்மா இப்போதே காலுறை பின்ன ஆரம்பித்துவிட்டார். குளியல் சமாசாரத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.