தாளித்தாலும் சாம்பிராணி போட்டாலும் அலறும் ஸ்மோக் அலாரம்: புதிது வாங்குவதா, இடம் மாற்றுவதா?

வேளச்சேரி மூன்றாம் மாடி:
வணக்கம். எங்களுடையது இரண்டு பெட்ரூம் ஃபிளாட். அப்பா, அம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த ஸ்மோக் அலாரத்தை ஹாலில், சமையலறை வாசலுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறோம். அம்மா மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் போதும், கத்த ஆரம்பித்துவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் அதே கதை. இப்போது புதுத் தொல்லை: ராத்திரியில் நிமிடத்துக்கு ஒரு தரம் ‘கீச்’ என்கிறது. 9 வோல்ட் பேட்டரி மாற்றியும் நிற்கவில்லை. அப்பா கழற்றி பீரோ மேல் வைத்துவிட்டார். வேறு வாங்கலாமென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

தோசைக்கல்:
நம்ம சமையலுக்கு இதெல்லாம் ஒத்துவராதுங்க. எங்கள் ஃபிளாட்டில் பில்டர் மாட்டியதற்கு ஷவர் கேப் போட்டு மூடிவிட்டோம். நிம்மதி.

அம்பத்தூர் பேனல்காரர்:
@தோசைக்கல் கேப் போட்டு மூடியதற்கு அதைக் கழற்றியே வைத்திருக்கலாம். வீட்டில் அலாரம் இருக்கிறதென்ற நினைப்பாவது இருக்காது.

@வேளச்சேரி தம்பி, பீரோ மேல் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் தயாரித்த தேதி இருக்கும். கதிரியக்கக் குறியோடு ஏதாவது எழுதியிருக்கிறதா?

வேளச்சேரி மூன்றாம் மாடி:
2012 என்று போட்டிருக்கிறது. மஞ்சள் ஸ்டிக்கரில் ‘அமெரிசியம் 241’ என்றும் இருக்கிறது. வீட்டில் குழந்தை இருக்கிறது, ஆபத்தா?

அம்பத்தூர் பேனல்காரர்:
மூடியபடி இருக்கும்வரை பயமில்லை. அமெரிசியம் கதிரியக்கப் பொருள்தான், ஆனால் உள்ளே இருப்பது மிகச் சிறிய அளவு, அதன் ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். திறந்து நோண்டவோ எரிக்கவோ மட்டும் கூடாது. பழைய பேப்பர்காரரிடமும் போடாதீர்கள். மச்சான் அடுத்த தரம் வரும்போது கொடுத்தனுப்புங்கள், அங்கே சில தயாரிப்பாளர்களே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

கீச் சத்தத்துக்குக் காரணம் வயசு. ஸ்மோக் அலாரத்துக்குப் பத்து வருடம்தான் கணக்கு. அதற்கப்புறம் எத்தனை பேட்டரி போட்டாலும் நம்ப முடியாது.

இனி வாங்குவதைப் பற்றி. அமெரிசியம் இருப்பதால் உங்களுடையது அயனி வகை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்கே அது துள்ளும். சூடான எண்ணெய் ஆவி அந்த ரகம். கொழுந்துவிட்டு எரியும் தீயை அது சீக்கிரம் பிடிக்கும். ஆனால் மெத்தை, சோபா, ஒயர் உறை எல்லாம் மணிக்கணக்கில் கனன்று புகைந்துவிட்டுத்தான் பற்றும். அந்தத் தடித்த புகையை முந்திப் பிடிப்பது ஒளி வகை (போட்டோ எலெக்ட்ரிக்). உள்ளே சின்ன விளக்கு ஒன்றும், அதன் வெளிச்சம் நேராகப் படாதபடி ஓரமாக ஒரு சென்சாரும் இருக்கும். புகை நுழைந்தால் வெளிச்சம் சிதறி சென்சாரில் விழும், அலறும். இதையே வாங்குங்கள். பின்பக்கத்தில் ஈஎன் 14604 (ஐரோப்பியத் தரம்) அல்லது யூஎல் 217 (அமெரிக்கத் தரம்) முத்திரை இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள்.

யூஎல் 217-இன் எட்டாம் பதிப்பிலிருந்து சமையல் புகைக்குப் பொய்யாக அலறக்கூடாது என்றும் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு அவர்கள் வாட்டுவது ஹாம்பர்கர். மிளகாய்த் தாளிப்பை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை!

அதனால் இடம்தான் முக்கியம். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, பெட்ரூம் கதவுகளுக்கு வெளியே சீலிங்கில் மாட்டுங்கள். ஃபேன் இறக்கை நுனியிலிருந்து ஒரு மீட்டர் விலகட்டும், இல்லையென்றால் காற்று புகையை அண்டவிடாது. சுவரும் சீலிங்கும் சேரும் மூலையும் வேண்டாம். சமையலறைக்குள் ஹீட் அலாரம் போடுங்கள். அது புகையைப் பார்க்காது, சூட்டைத்தான் பார்க்கும். 57, 58 டிகிரி செல்சியஸ் வாக்கில் கத்தும்.

சிங்கப்பூர் சித்தப்பா:
இங்கே 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளுக்கு இது கட்டாயம். பெட்ரூமிலிருந்து வாசலுக்கு வரும் வழியில்தான் மாட்டச் சொல்கிறார்கள். சாம்பிராணிக்கு நாங்கள் செய்வது: தூபக்காலை ஜன்னலோரம் வைப்போம், அலாரத்தில் ‘ஹஷ்’ பட்டனை அழுத்திவிடுவோம். சில நிமிடம் சும்மா இருந்துவிட்டு அதுவே பழையபடி வேலை செய்யும். வாங்கும்போது அந்தப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

தோசைக்கல்:
சிலிண்டர் கேஸ் கசிந்தாலும் இதுவே காட்டிவிடுமா?

அம்பத்தூர் பேனல்காரர்:
காட்டாது. அதற்கு கேஸ் டிடெக்டர் தனி. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். அதனால் டிடெக்டரைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்ட வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு மேலே ஏறும், அதற்கு சீலிங் பக்கம். இதை மாற்றி மாட்டிவிட்டுப் போன கடைக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேளச்சேரி மூன்றாம் மாடி:
ரொம்ப நன்றி அண்ணா. ஒளி வகையில் ஒன்று, சமையலறைக்கு ஹீட் ஒன்று என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு சந்தேகம்: அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஏசி போட்டுக் கதவைச் சாத்தித் தூங்குவார். வெளியே அலறினால் கேட்குமா?

அம்பத்தூர் பேனல்காரர்:
3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் என்பதுதான் கணக்கு. சாத்திய கதவைத் தாண்டினால் நன்றாகவே குறைந்துவிடும். அவர் அறைக்குள்ளேயும் ஒன்று போடுங்கள். ஒன்றோடொன்று பேசும் ‘இன்டர்லிங்க்’ மாடலாக எடுத்தால் ஒன்று அலறும்போது எல்லாமே அலறும். ஹீட் அலாரமும் அதோடு சேருகிற மாடல்தானா என்று கேட்டு வாங்குங்கள். தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வு பேடும் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது. அவர் அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவாரா?

வேளச்சேரி மூன்றாம் மாடி:
கொளுத்துவார்.

அம்பத்தூர் பேனல்காரர்:
அந்தப் புகைக்கும் அலறும். அப்படியென்றால் முதலில் கொசுவலை அடியுங்கள், அப்புறம் அலாரம். மாட்டியபின் மாதம் ஒரு தரம் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஊதுபத்தி காட்டிச் சோதிக்காதீர்கள், பிசுக்கு உள்ளே ஒட்டும். பூச்சி, தூசி போகாமல் மேலோடு வாக்யூம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். பெயின்ட் அடிக்கும்போது மட்டும் மூடுங்கள், தோசைக்கல்லிடம் கேப் இருக்கிறது.