லாவெண்டரில் எச்சில் போல நுரை: என்ன பூச்சி?

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பக்கம் வீடு. மே கடைசியிலிருந்து லாவெண்டர், ரோஸ்மேரி கணுக்களில் வெள்ளை நுரை. மாவுப்பூச்சியா? மருந்து அடிக்கலாமா?

பதில் 1: மாவுப்பூச்சி இல்லை. அது உலர்ந்த பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். இது ஈர நுரை. உள்ளே இருப்பது நுரைப்பூச்சியின் குஞ்சு. ஈரத் தூரிகையால் நுரையை மெதுவாக விலக்கி 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வளர்ந்த குஞ்சு முழுக்க வெளிர்பச்சையாக இருந்தால் அநேகமாக ஃபிலேனஸ் ஸ்பூமேரியஸ் என்ற நுரைப்பூச்சி இனம். நுரை எடுத்த குஞ்சை வெயிலில் விடாதீர்கள், காய்ந்துவிடும்.

பதில் 2: முதலில் செடியின் பெயரைக் குறியுங்கள். ஃபிலேனஸ் நூற்றுக்கணக்கான செடிகளில் வாழும், அதனால் செடி மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் புல்லில் மட்டும் நுரை என்றால் நியோஃபிலேனஸ் என்ற வேறு நுரைப்பூச்சி வகையைச் சந்தேகியுங்கள். வில்லோ கிளையிலிருந்து நுரை சொட்டினால் அஃப்ரோஃபோரா என்ற இன்னொரு வகை. கறுப்பு-சிவப்பு நிற செர்கோபிஸ் வகையின் குஞ்சு மண்ணுக்குள் வேரில் இருக்கும், மேலே தேடிப் பயனில்லை.

பதில் 3: மருந்து வேண்டவே வேண்டாம். நுரை பெரும்பாலும் மருந்தைத் தடுத்துவிடும். செடிக்கும் பெரிய சேதமில்லை. கண்ணை உறுத்தினால் தண்ணீர் பீய்ச்சுங்கள். கவலைப்பட வேண்டியது வேறு: சைலம் (வேரிலிருந்து நீரை மேலேற்றும் குழாய்) சாற்றைக் குடிப்பதால் வளர்ந்த பூச்சி, செடிகளுக்கு நோய் தரும் சைலெல்லா பாக்டீரியாவைச் செடிக்குச் செடி கடத்தும். 2013-இல் இத்தாலியின் புக்லியா ஆலிவ் மரங்களில் கண்டறியப்பட்டது அதுதான். வெளிநாட்டு லாவெண்டர் நாற்று வாங்கும்போது தாவரப் பாஸ்போர்ட் (செடியின் நலனுக்கான அதிகாரப்பூர்வ சீட்டு) கேளுங்கள்.