நிற்கும் கோட்டுக்கு இரண்டு கல்

‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ எழுத்துருவைத் திரையில் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு சுவரில்.

வீடியோ கேம் கடை தொடங்கிய நண்பர், ஃபிளெக்ஸ் போர்டு வேண்டாம், கடைப் பெயரைச் சுவரிலேயே டைல்ஸ் பதித்து எழுத வேண்டும் என்றார். அதற்கு ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’யையே எடுத்தேன். ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நாம்கோவின் 1980களின் விளையாட்டுகளில் வந்த எழுத்தை ஒட்டி உருவான எழுத்துரு இது. ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டுக்கு எட்டுக் கட்டம். எழுத்துகளுக்கு இடையே விடும் இடம் போக ஏழுக்கு ஏழு. கட்டத்துக்கு ஒரு கல் என்று வரைந்து கொடுத்தேன். ஆங்கில ‘ஏ’ என்றால் உச்சியில் நடுவில் மூன்று கல். அடுத்த வரிசையில் இரண்டிரண்டாகப் பிரிந்து நடுவில் ஒன்று காலி. பிறகு இரு ஓரத்திலும் இரண்டிரண்டு. ஐந்தாவது வரிசை ஏழும் நிரம்பிக் குறுக்குக் கோடாகிவிடும். அதன்கீழ் மறுபடி கால்கள்.

முதல் எழுத்து முடிவதற்குள் கொத்தனார் அண்ணன் கேட்டார்: “நிற்கிற கோட்டுக்கெல்லாம் இரண்டு கல், படுக்கிற கோட்டுக்கு ஒன்றுதான். ஏன் தம்பி?”

எழுத்துருக்களோடு புழங்குபவர்களே கவனிக்காமல் விடுவதை அவர் கை கண்டுபிடித்துவிட்டது! பழைய படக்குழாய்த் திரையில் மின்கற்றை இடமிருந்து வலமாக ஓடும். படுக்கைக் கோட்டில் அது தொடர்ந்து எரிந்துகொண்டே போகலாம். நிற்கும் கோட்டில் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக எரிந்து அணைய வேண்டும். ஒற்றைப் புள்ளி அகலம் மங்கிவிடும். இரண்டு புள்ளி என்றால் பளிச்சென்று தெரியும். சொன்னதும், “அப்போது கால் தடித்திருப்பது அழகுக்காக இல்லை” என்றார். அதே!

இந்த வடிவத்தின் தொடக்கம், அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியின் துணை நிறுவனம் கீ கேம்ஸ் 1976இல் வெளியிட்ட ‘குவிஸ் ஷோ’ விளையாட்டில் இருக்கிறது. அங்கிருந்து நாம்கோவுக்குப் போய், 1980இல் ‘பேக்-மேன்’ வழியாக உலகம் முழுக்கப் பரவியது. பேக்-மேனில் திரையையே நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்தார்கள். மின்கற்றையின் போக்கும் கூடவே திரும்பிவிட்டது. எழுத்து மட்டும் அதே தடித்த கால்களோடு நின்றது. காரணம் போன பிறகும் வடிவம் நிலைத்ததில் எனக்குத் தீராத வியப்பு. அந்தத் திரை, எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட பெட்டிகளாக, அகலத்தில் 28, உயரத்தில் 36. மஞ்சள் நிறத்தில் வரும் ‘ரெடி!’ என்ற சொல்லும், பேக்-மேன் விழுங்கும் புள்ளிகளும் அதே பெட்டிகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் பயன்படுத்தினால் 8, 16, 24 என்று எட்டின் மடங்கிலேயே அளவு வையுங்கள்; இல்லாவிட்டால் ஓரங்கள் கலங்கிவிடும். தலைப்புக்கு மட்டும் போதும், பத்திக்கு வேண்டாம்.

நண்பர் தமிழிலும் பெயர் கேட்டார். இந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, நானே வரைந்தேன். ட, ப இரண்டும் ஏழு கட்டத்தில் சுகமாக அமர்ந்தன. மெய்யெழுத்தின் புள்ளிக்காக மேலே கூடுதலாக ஒரு வரிசை தேவைப்பட்டது. ணகரத்தின் சுழிகளுக்குக் கால் தடிமனைக் குறைக்காமல் இடமே இல்லை. கட்டத்தை அகலமாக்கித்தான் முடித்தேன். அதில் எனக்கு இன்னும் நிறைவில்லை. சின்னக் கட்டத்தில் ணகரம் வரைந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள், படமும் இருந்தால் இன்னும் நல்லது.