சுண்ணாம்புக்கல் சுவர் உதிர்கிறது: எந்தச் சாந்து சரி?

இடம்: பிரான்சின் சேந்த் எமிலியோன், 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஒயின் ஊர். பழைய கிடங்கு, 60 செ.மீ. சுண்ணாம்புக்கல் சுவர். எப்போதோ கல் இடுக்குகளில் சிமெண்ட் அடைத்ததுதான் வினை. ஈரம் இடுக்கு வழியே போக முடியாமல் கல் வழியே வெளியேறுகிறது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை வெள்ளை உப்பு. கல் 2 செ.மீ. உள்வாங்கி, சிமெண்ட் மட்டும் துருத்தி நிற்கிறது. கல்லை விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டுகிறது.

மார்ச்சில் சிமெண்ட்டை 3 செ.மீ. ஆழத்துக்கு உளியால் கொத்தி எடுத்தாச்சு (கிரைண்டர் வைத்தால் கல் விளிம்பு போய்விடும்). என்எச்எல் 3.5 சுண்ணாம்பு (ஈரத்திலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு; எண் கூடினால் கடினம் கூடும்) 1 பங்கு, மணல் 2.5 கலந்து இடுக்கில் அடைத்து, ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தியாச்சு. உப்பை உறிஞ்ச ஈரக் காகிதக்கூழ் பற்று இரண்டு முறை போட்டும் ஒரே மாதத்தில் உப்பு திரும்பிவிட்டது.

இவ்வளவு மென்மையான கல்லுக்கு என்எச்எல் 2 போதுமா, இல்லை நீற்றிய சுண்ணாம்புக்கே போய்விடலாமா?