ஏஐ சிக்னல் யாரை எண்ணுகிறது?

பெங்களூர்வாசி:
இங்கே பல சந்திப்புகளில் இப்போது பச்சை எவ்வளவு நேரம் என்பதை ஏஐ முடிவு செய்கிறது என்கிறார்கள். பைக்கில் போகும்போது கொஞ்சம் சீராக நகர்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சாயங்காலம் அம்மாவோடு ரோட்டைக் கடந்தால், பாதி தாண்டுவதற்குள் வண்டிகள் உறுமிக்கொண்டு வருகின்றன. இந்த ஏஐ எதைப் பார்த்துதான் முடிவு செய்கிறது?

சிக்னல்காரன்:
ஏஐ என்ற ஒரே பெயரில் ரெண்டு விஷயம் ஓடுகிறது. ஒன்று, எந்தப் பக்கம் எவ்வளவு வண்டி நிற்கிறது என்று கேமராவில் எண்ணிப் பச்சையைக் கூட்டிக் குறைப்பது. சிட்னியில் 1970களிலேயே மேலே வண்டி வந்தால் உணரும் கம்பிச்சுருளை ரோட்டுக்கடியில் புதைத்து இதைச் செய்தார்கள். நம் ஊரில் ரெண்டு லேனில் நாலு வரிசை நிற்கும், சந்தில் ஆட்டோ நுழையும், சுருள் என்ன செய்யும்? அதனால்தான் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நம் நெரிசலுக்கென்றே தனியாக ஒரு மென்பொருள் எழுதியது. இன்னொன்று கூகுளின் கிரீன் லைட். அதற்குக் கேமராவே வேண்டாம், மேப்ஸ் தகவலை வைத்து இந்தச் சிக்னலில் இத்தனை வினாடி மாற்றுங்கள் என்று யோசனை சொல்லும், மாற்றுவது இன்ஜினியர். நின்று நின்று போவது 30 சதவீதம் வரை குறையலாம் என்பது அவர்கள் கணக்கு.
ஆனால் ரெண்டுமே முக்கியமாக எண்ணுவது வண்டியை. உங்கள் அம்மா அந்தக் கணக்கில் இல்லை.

நடராஜா சர்வீஸ்:
அப்போ நடந்து போகிறவனுக்கு எத்தனை வினாடி என்று யார் சொல்வது?

சிக்னல்காரன்:
மனுஷர்தான். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 20 மீட்டர் ரோட்டுக்கு 17 வினாடி. மூட்டுவலியோடு 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 25 வேண்டும். கேமராவால் ஆட்களையும் எண்ண முடியும், அதொன்றும் பெரிய வித்தையில்லை. எண்ணினால் வண்டிக்கான பச்சை குறையும், அங்கேதான் யாருக்கும் மனசு வராது.

தேக்காக்காரர்:
சிங்கப்பூரில் 2009லிருந்தே முதியோர் தங்கள் கார்டைச் சிக்னல் கம்பத்தில் தட்டினால், நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனிதன் சில வினாடி கூடுதலாக நிற்பான். ஏஐயும் கிடையாது ஒன்றும் கிடையாது, வெறும் கார்டு ரீடர். என் மாமியார் தட்டிவிட்டு ராணி மாதிரி நடப்பார்.

பெங்களூர்வாசி:
நேற்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு 26 வினாடி, சிக்னல் கொடுத்தது 15. மனு கொடுக்கப் போகிறேன். என் கன்னடம் காய்கறிக் கடையோடு சரி, யாராவது திருத்தித் தருவீர்களா?