படைப்பு வீட்டுக் குழு: காந்தத்தை எப்படி வைக்கிறது

பள்ளத்தூர் ஆச்சி: வெள்ளிக்கிழமை முன்னோருக்குப் போடுற படைப்புக்குப் பிள்ளை வருது. வலிப்பை அடக்க நெஞ்சுல விஎன்எஸ் மெஷின் வச்ச பிறகு இதுதான் முதல் தடவை. வலிப்பு வந்துட்டா வளவுல ஆளாளுக்குச் சாவிக்கொத்தைத் தேடுவாக. தம்பி, விவரமா எழுதிடப்பா.

தேவகோட்டை டாக்டர் தம்பி: சாவி, இரும்பு எதுவும் வேண்டாம் ஆச்சி. வலிப்பு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா அடங்கும், பேரு சாவிக்குப் போயிடுது. பிள்ளை இடுப்புல ஒரு காந்தம் மாட்டியிருக்கும். அதை எடுங்க. இடது காறை எலும்புக்குக் கீழ, தோலுக்கடியில கைக்கடிகார அளவுல மேடு தட்டுப்படும். சட்டைக்கு மேலயே, அந்த மேட்டு மேல ஒரு விநாடி வச்சு இழுத்து எடுத்துடணும். வலிப்பு வரப்போற மாதிரி பிள்ளை சொன்னாலே செய்யலாம்.

காரைக்குடி தங்கச்சி: எடுத்துடணும்கிறதை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. கிளினிக்ல நான் அதிகம் பார்க்கிற தப்பு இதுதான். பதட்டத்துல காந்தத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருப்பாக. காந்தம் மேல இருக்கிற வரைக்கும் மெஷின் மின் துடிப்பே அனுப்பாது. விலக்கின பிறகுதான் கூடுதல் துடிப்பு கிளம்பும், பெரும்பாலும் 60 விநாடி ஓடும். அது முடிஞ்சும் நிக்கலைன்னா இன்னொரு தடவை இழுங்க.

கோட்டையூர் அண்ணே: அந்த மெஷின் மூளைக்கா போகுது?

தேவகோட்டை டாக்டர் தம்பி: இல்லண்ணே. அதிலிருந்து மெல்லிசா ஒரு வயர் தோலுக்கடியில கழுத்துக்கு ஏறி, மூளையிலேர்ந்து கழுத்து வழியா இறங்குற இடது வேகஸ் நரம்பைச் சுருள் சுருளாச் சுத்தியிருக்கும். அந்த நரம்பு வழியாத்தான் துடிப்பு மூளைக்குப் போகுது. வலது வேகஸ் இதயத் துடிப்போட அதிகம் சம்பந்தப்பட்டது, அதனால இடதுலதான் வைக்கிறது. மனுஷருக்கு முதல்ல வச்சது 1988ல, அமெரிக்காவுல அனுமதி 1997ல. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரம் போல ஆறவிட்டு 0.25 மில்லியாம்பியர்ல ஆரம்பிச்சு, தாங்குறதைப் பார்த்து 0.25 0.25ஆ ஏத்துவோம். காந்தம் வைக்காமலே வழக்கமா 30 விநாடி ஓடும், 5 நிமிஷம் ஓயும்.

காரைக்குடி தங்கச்சி: ஓடுற அந்த 30 விநாடி பிள்ளை குரல் கரகரக்கும், இருமல் வரும். சளின்னு நினைச்சுக் கஷாயம் கொடுக்காதீங்க. ஆனா கழுத்துல வலியோட இடைவிடாம ஓடுதுன்னா அது கோளாறு. அப்ப மட்டும் காந்தத்தை மேட்டு மேல பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். வயர் ஒடிஞ்சிருக்கான்னு அங்க மின்தடையைப் பார்த்துக் கண்டுபிடிச்சுடுவாக.

கோட்டையூர் அண்ணே: என் பிசியோ பக்கத்துலேர்ந்து ஒண்ணு. தோள்வலி, முதுகுவலின்னு யாராவது ஷார்ட்வேவ் டயதெர்மி, அதாவது உடம்புக்குள்ள சூடேத்துற சிகிச்சை கொடுக்க வந்தா உடம்புல எந்த இடமானாலும் வேண்டாம்னு சொல்லிடணும். வயர்ல சூடேறி நரம்பு வெந்துடும். எம்ஆர்ஐன்னா?

தேவகோட்டை டாக்டர் தம்பி: கரண்டை 0க்கு இறக்கிட்டு எடுத்து, முடிஞ்சதும் பழைய அளவுக்கு ஏத்தணும். மெஷின் அட்டையைக் காட்டாம உள்ள போகக்கூடாது.

பள்ளத்தூர் ஆச்சி: மெஷின் வச்சாச்சே, மாத்திரையை நிறுத்திடலாமாப்பா?

தேவகோட்டை டாக்டர் தம்பி: கூடவே கூடாது ஆச்சி. சுமார் பாதிப் பேருக்கு வலிப்பு எண்ணிக்கை பாதியாக் குறையும், அதுவும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் போன பிறகு. அறவே நிக்கிறது கொஞ்சம் பேருக்குத்தான். சரியான ரெண்டு மருந்து, சரியான அளவுல கொடுத்தும் கேக்காதவுகளுக்கு, முதல்ல மூளையில வலிப்பு கிளம்புற இடத்தை ஆபரேஷன்ல எடுக்க முடியுமான்னு பார்ப்போம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவுல அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு. அதுக்கு வழியில்லாதப்பத்தான் இந்த மெஷின்.

காரைக்குடி தங்கச்சி: வெள்ளிக்கிழமைக்கு. வலிப்பு வந்தா இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில தண்ணி, கரண்டி எதுவும் வேண்டாம். நேரம் பாருங்க, 5 நிமிஷம் தாண்டினா 108. முகப்புல வைக்கிற ஸ்பீக்கர் பெட்டி மேல பிள்ளை சாயக்கூடாது, அதுக்குள்ள பெரிய காந்தம் இருக்கு. நெஞ்சுக்கும் அதுக்கும் ஒரு சாணுக்கு மேல இடைவெளி வேணும். மாட்டுற காந்தத்தைச் சட்டைப் பையில போடக்கூடாது, மெஷின் நின்னுடும். ஆத்தங்குடிக் கல்லுத் தரையில தவறவிட்டா உடைஞ்சுடும். கூட இன்னொண்ணு கொடுத்திருப்பாக, அது பெரியவுக ஒருத்தர்கிட்ட இருக்கட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி: அது என் சுருக்குப்பையில இருக்கும்.

காரைக்குடி தங்கச்சி: பையில ஏடிஎம் கார்டும் காது மெஷினும் இருந்தா முதல்ல வெளிய எடுத்து வைங்க ஆச்சி.